ஓர் அணுவின் வித்தியாசம்

"எச்ஐவி இரத்தத்தில் இருக்கிற வைரஸ்தானே, அதனால் ஞாபகமறதி எப்படி வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வைரஸ் நரம்பணுக்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எச்ஐவி பற்றிக்கொண்டு உள்ளே நுழையும் சிடி4 புரதம் நியூரான்களில் கிடையாது. பெரும்பகுதிச் சேதம் நம் எதிர்ப்பணுக்களின் வழியாகவே நடக்கிறது.

இரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் எளிதில் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் பதுங்கியே வைரஸ் அதைக் கடந்துவிடுகிறது. தொற்றிய எட்டே நாளில் மூளைத்தண்டுவட நீரில் வைரஸ் தென்பட்டதைத் தாய்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. உள்ளே போன மோனோசைட், மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுவாக மாறும். மூளையின் சொந்தக் காவலணுவான மைக்ரோகிளியாவுக்கும் தொற்றைக் கொடுக்கும். கிளர்ந்தெழுந்த இவ்விரண்டும் குளூட்டமேட், குயினோலினிக் அமிலம் போன்ற, நரம்பணுவை மிகையாகத் தூண்டும் பொருள்களைக் கொட்டித் தீர்க்க, நியூரானுக்குள் கால்சியம் அளவுமீறிப் பாய்கிறது. அதன் கிளைகள் சுருங்கிப் போகின்றன.

என்னை மயக்குவது இதற்கு முந்தைய படி. மோனோசைட்டுகளை மூளைக்கு வரவழைப்பது யார்? காயம் பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைக்க உடல் கீமோகைன் என்ற சிறு புரதங்களை வெளியிடும். அவற்றில் ஒரு குடும்பத்துக்கு, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிஸ்டீன்கள்தான் கையெழுத்து. (புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; சிஸ்டீன் அவற்றில் ஒன்று.) எச்ஐவி தன் பெருக்கத்தை முடுக்கிவிடத் தயாரிக்கும் டாட் என்ற புரதத்தின் சங்கிலியிலும் 30, 31ஆம் இடங்களில் சிஸ்டீன்கள் அப்படியே ஒட்டி நிற்கின்றன. தொற்றிய உயிரணு டாட்டை வெளியே விடுகிறது. கள்ளக் கையெழுத்தை நம்பி மோனோசைட்டுகள் திரள்கின்றன. ஆளைக் கூப்பிட்டு ஆளைப் பிடிக்கிற வேலை!

இது அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பரவலாக உள்ள பி வகை எச்ஐவியின் கதை. இந்தியாவில் பெரும்பாலும் சி வகை. எச்ஐவியால் வரும் கடும் மறதிநோய் இங்கே குறைவாகவே காணப்பட்டது. 2004இல் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் உதயகுமார் ரங்கா குழுவினர் நிம்ஹான்ஸ் மருத்துவர்களோடு சேர்ந்து காரணம் ஒன்றை முன்வைத்தார்கள்: சி வகை டாட்டில் 31ஆம் இடத்தில் இருப்பது செரீன் என்ற வேறோர் அமினோ அமிலம். சிஸ்டீனில் கந்தகம் இருக்கும் இடத்தில் செரீனில் ஆக்சிஜன், வித்தியாசம் அவ்வளவுதான். அந்த ஓர் அணு மாறியதும் மோனோசைட்டுகளை ஈர்க்கும் திறன் மங்கிவிடுகிறது. 2008இல் நியூயார்க்கில் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலும் பி வகை பெற்றவையே நினைவாற்றலில் அதிகம் தவறின.

வெளிநாட்டு வைரஸை மட்டும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. எய்ட்ஸைத் தீர்க்கும் லேகியத்துக்குக் கிடைக்கிற விளம்பரத்தில் பாதிகூட இத்தகைய அடிப்படை ஆய்வுக்குக் கிடைப்பதில்லை என்பது என் தீராத ஆற்றாமை.

அதற்காக நமக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிட வேண்டாம். நுட்பமான உளவியல் சோதனைகளில் இந்திய நோயாளிகளிடமும் லேசான தடுமாற்றங்கள் தெரிந்தன. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சி வகை வைரஸ்கள் சிலவற்றில் அந்த இரண்டாவது சிஸ்டீன் இருக்கிறது. கூட்டு மருந்துகள் புதிய உயிரணுக்களுக்குத் தொற்று பரவாமல் தடுத்து, கடும் மறதிநோயை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனால் மைக்ரோகிளியா நெடுங்காலம் வாழும் உயிரணு. அதன் மரபணுத் தொகுதியில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட வைரஸ் டாட் தயாரிப்பதை இந்த மாத்திரைகளால் நிறுத்த முடிவதில்லை.