ஆர்ட் டெகோ: சொல்லும் பொருளும்

1920களிலும் 1930களிலும் கட்டடம், அறைகலன், நகை, சுவரொட்டி, கப்பலின் உட்புறம் என எங்கும் பரவிய ஒரு வடிவமைப்புப் பாணிக்கு ஆர்ட் டெகோ என்று பெயர். பிரெஞ்சில் அலங்காரக் கலைகளைக் குறிக்கும் 'ஆர் டெகோராத்தீஃப்' என்ற தொடரின் வாலை நறுக்கியதால் கிடைத்த வடிவம் இது. நாம் எழுதும் 'ட்' ஆங்கில வழியே வந்தது. பிரெஞ்சுக்காரர் அதை ஒலிப்பதில்லை.

பாரிசில் 1925 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த நவீன அலங்கார, தொழிற்கலைகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சியே இப்பெயருக்கு மூலம். பழைய பாணிகளைப் படியெடுத்த பொருள்களுக்கு அங்கே இடமில்லை என்பது விதி. காட்டுவதற்குத் தன்னிடம் நவீனக் கலை இல்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்ட அமெரிக்காதான், ஐந்தே ஆண்டுகளில் இப்பாணியின் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வரும் கிறைஸ்லர் கட்டடத்தை நியூயார்க்கில் எழுப்பியது என்பது வேடிக்கைதான். அதன் உச்சியில் அடுக்கடுக்காக ஏறும் வளைவுகளும், அவற்றுள் கதிர்போல் விரியும் முக்கோணச் சன்னல்களும், துருப்பிடிக்காத எஃகுப் போர்வையும் இப்பாணியின் இலக்கணத்தை ஒரே பார்வையில் காட்டிவிடும். 1922இல் தூத்தன்காமன் கல்லறை திறக்கப்பட்டபின் மூண்ட எகிப்திய மோகமும் இதில் கலந்தது.

அக்காலத்தவர் இதைப் பெரும்பாலும் 'நவீன பாணி' என்றே அழைத்தனர். அலங்காரத்தை எதிர்த்த கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே தம் இதழ்க் கட்டுரைகளின் தலைப்பில் 'ஆர் டெகோ' என்ற குறுக்கத்தைக் கையாண்டார். ஒரு பாணியின் பெயராக அது நிலைத்ததோ, 1966இல் பாரிசு அலங்காரக் கலை அருங்காட்சியகம் நடத்திய கண்காட்சிக்கும், 1968இல் பெவிஸ் ஹில்லியர் எழுதிய ஆங்கில நூலுக்கும் பிறகுதான்.

இந்தியாவில் சிமென்ட் கான்கிரீட்டின் துணையோடு இப்பாணி வேரூன்றியது. மும்பை மரைன் டிரைவ் குடியிருப்புகளில் சன்னல்களுக்கு மேலே மூலை வளைந்து ஓடும் சன்ஷேடுகள், வெயிலையும் மழையையும் தடுத்தபடியே கட்டடத்துக்குக் கிடைக்கோட்டு அழகையும் தருகின்றன. அங்குள்ள விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடத் தொகுதிகள் 2018இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. சென்னையில் பாரிமுனையின் டேர் ஹவுஸ் இவ்வகையினது.

தமிழில் 'அலங்காரக் கலை' என்று எழுதினால், கோலமும் தேர்ச்சீலையும் உட்பட எல்லா அணிசெய் கலைகளையும் அது குறித்துவிடும். குறிப்பிட்ட காலத்துப் பாணி என்ற பொருள் கிட்டாது. 'அணிக்கலை' என்ற சொல்லுக்கும் இதே இடர் உண்டு. ஆகவே பாணியைச் சுட்டும்போது 'ஆர்ட் டெகோ பாணி' என்றும், மூலத்தொடரை விளக்கும்போது மட்டும் 'அலங்காரக் கலைகள்' என்றும் எழுதுவதே பொருத்தம்.