அமைதியான கடல் அனுப்பும் பெரிய அலை

சிட்னி நகர மையத்துக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ராயல் தேசியப் பூங்கா இருக்கிறது. 1879இல் அறிவிக்கப்பட்ட இது, உலகின் மிகப் பழைய தேசியப் பூங்காக்களில் ஒன்று. காடும் செங்குத்துப் பாறைகளும் இருந்தாலும், பலர் மெனக்கெட்டு நடந்துபோவது ஒரு சிறு குளத்தைப் பார்க்கத்தான். பர்னிங் பாம்ஸ் கடற்கரைக்கு அருகே, பாறைத் தளத்தில் இரண்டு வட்டக் குழிகள் இணைந்து 8 வடிவில் கிடக்கின்றன. படமெடுக்க அருமையான இடம். அலையில் அடிபட்டுத் தோல் கிழிந்து திரும்பியவர்களும் நிறைய. கடல் அமைதியாக இருந்தபோது எங்கிருந்து வந்தது அந்த அலை?

தொலைதூரப் புயலிலிருந்துதான். ஆழ்கடலில் அலையின் வேகத்தை அதன் காலம், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம், தீர்மானிக்கிறது. இரண்டு முகடுகளுக்கு நடுவே 14 விநாடி இருந்தால், அந்த அலை மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முகடுகளுக்கு இடையே 300 மீட்டர் தூரம் இருக்கும். உயரம் ஒன்றரை மீட்டர்தான் என்றால், இவ்வளவு நீண்ட அலை நடுக்கடலில் கண்ணுக்கே தெரியாது. கரையோரம் ஆழம் குறையும்போது வேகம் தடைபட்டு, முகடு உயர்கிறது.

காலம் சற்றே வேறுபடும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வருவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. முகடும் முகடும் சேரும்போது நான்கைந்து பெரிய அலைகள் கூட்டமாக வரும். முகடும் பள்ளமும் சேரும்போது கடல் ஓய்ந்ததுபோல் கிடக்கும். 12 விநாடி, 13 விநாடி அலைகள் கலந்தால் அடுத்த கூட்டம் வர இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். நிஜக் கடலில் நூறு விதமான அலைகள் கலந்திருப்பதால் இடைவெளி இன்னும் நீளலாம். பத்து நிமிடம் நின்று பார்ப்பவர் நாற்பது, ஐம்பது அலைகளையே காண்கிறார். முன்னறிவிப்பில் சொல்லப்படும் உயரமோ, மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. ஏறக்குறைய ஆயிரம் அலைகளில் ஒன்று அதன் இருமடங்கை நெருங்கும். ஆகவே ‘எதிர்பாராத அலை’ என்று செய்திகளில் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. கணக்கில் இருக்கும் அலைதான் அது. எந்த நிமிடத்தில் வரும் என்பதுதான் தெரியாது.

மணற்கரையில் அலை சரிவேறி ஓய்ந்துவிடும். இந்தத் தளமோ தட்டையானது. விளிம்பில் உடைந்த நீர் சுவர்போல் உள்ளே பாய்கிறது. வேகம் இருமடங்கானால் நீரின் உந்துவிசை நான்கு மடங்காக ஏறுவதால், முழங்காலளவு வந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். விழுவது சொரசொரப்பான பாறைமேல்.

அதனால்தான் நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறை இந்த இடத்துக்கென்றே அலை அபாய முன்னறிவிப்பு வெளியிடுகிறது. ஓதம் தாழ்ந்து கடல்மட்டம் இறங்கிய நேரத்தில் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். முகடுகளுக்கு இடையே நேரம் நீண்ட அலை வரும் நாளில் அது போதாது. அபாயம் குறைவு என்று முன்னறிவிப்பு சொன்னாலும், அது அந்த ஒரு தளத்துக்கு மட்டுமே. அதே கரையில் அடுத்த பாறையின் உயரம் வேறு, அதன் முன்னுள்ள கடலின் ஆழமும் வேறு.