மஞ்சள் ஆப்ரிகாட் போன்சாயா, செருந்தியா?

மயிலாப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி நர்சரியிலிருந்து ஒரு சின்ன மரம் வாங்கி வந்தார். தட்டையான தொட்டி, முறுக்கிய தண்டு, நாலைந்து மஞ்சள் பூ. செருகியிருந்த அட்டையில் ‘மஞ்சள் ஆப்ரிகாட் போன்சாய்’ என்று எழுதியிருந்தது. “பழம் எப்பப்பா வரும்?” என்று கேட்டார். “இது ஆப்ரிகாட்டே இல்லை மாமி” என்றேன். அவர் நம்பவில்லை.

முதலில் போன்சாய். ஜப்பானியச் சொல். ‘போன்’ என்றால் ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்றால் நடவு. அதே இரண்டு எழுத்தைச் சீனர்கள் ‘பென்சாய்’ என்று படிக்கிறார்கள். சொல்லுக்குள் ‘குட்டை’ என்ற பொருளே கிடையாது. அதனால் போன்சாயைத் தமிழில் ‘குட்டை மரம்’ என்பதை நான் ஏற்க மாட்டேன். பிறவியிலேயே குட்டையான இனம் இல்லை இது. ஓங்கி வளரக்கூடிய மரத்தைக் கிளையும் வேரும் கத்தரித்து, கம்பி சுற்றி, தட்டுக்குள் அடக்கி வளர்க்கிறோம். ‘குறுமரம்’ காதுக்கு இதமாக இருக்கிறது. தட்டு விடுபட்டாலும் பரவாயில்லை, எழுதலாம்.

ஆப்ரிகாட் தமிழில் சர்க்கரை பாதாமி. ஐதராபாத் விருந்தில் இனிப்பாக வரும் குபானி இதுதான். ‘முந்திப் பழுப்பது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல் கிரேக்கம், அரபு வழியாகச் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. இதற்கு உறவான இன்னொரு மரம், சீனர்கள் ‘மெய்’ என்றும் ஜப்பானியர்கள் ‘உமே’ என்றும் அழைப்பது. குளிர்காலக் கடைசியில், இலையில்லாத கிளையில் வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும். ஜப்பானில் போன்சாய்க்குப் பெயர்போன மரம். ஆனால் அதற்குக் குளிர் வேண்டும். நம் சென்னை மாடியில் வைத்து வாட்டாதீர்கள்.

அப்படியானால் மஞ்சள் பூ எங்கிருந்து வந்தது? சீனத்து ‘மெய்’ வியட்நாமில் ‘மாய்’ ஆனது. தெற்கு வியட்நாமின் வெப்பத்தில் மெய் மரம் இல்லை. மெய் பூக்கும் அதே பருவத்தில், ஜனவரி, பிப்ரவரியில் வரும் அவர்களுடைய சந்திரப் புத்தாண்டை ஒட்டி, அதே போல இலையில்லாக் கிளையில் மஞ்சளாகப் பூக்கும் வேறொரு மரம் இருந்தது. ‘மாய்’ என்ற பெயர் அதற்கும் போயிற்று. ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் சொல்லைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்க்கவில்லை. ‘மஞ்சள் ஆப்ரிகாட்’ பிறந்தது. தாவரவியலில் அது ஓக்னா இன்டெகெரிமா. ஆப்ரிகாட்டுக்கும் அதற்கும் குடும்பமே வேறு.

இந்த ஓக்னா நமக்கு அந்நியம் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். இதே பேரினத்தில் சோழமண்டலக் கரையோரக் காடுகளில் இயல்பாக வளரும் மரம் ஒன்று உண்டு: செருந்தி! குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் இருக்கிறது. ‘செருந்தி செம்பொன்மலர் திருநெல்வேலி’ என்று சம்பந்தர் தம் திருநெல்வேலிப் பதிகத்தின் முதல் பாட்டில் பாடியிருக்கிறார். அகராதியில் செருந்தி என்றால் ஒருவகைக் கோரை என்றும் இருக்கும். அது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓக்னா என்பது காட்டுப் பேரிக்காய்க்கான கிரேக்கச் சொல், இலைச் சாயலால் வந்த பெயர்.

ஆக, மாமி வாங்கியது ‘வியட்நாம் செருந்தி’. ‘மஞ்சள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, செருந்தி என்றாலே பொன்னிறம்தான்.

சரி, வளர்ப்பு. நல்ல வெயில் வேண்டும். மண்ணில் மணல் கூடுதலாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டில் நீர் நின்றால் வேர் அழுகிவிடும். நம் போர் தண்ணீரின் உப்பு தொட்டியில் படியும், முடிந்தபோது மழைநீர் ஊற்றுங்கள். வேரைத் தொந்தரவு செய்தால் இது கோபித்துக்கொள்ளும். தொட்டி மாற்றுவதைப் பூத்து முடிந்தபின் செய்யுங்கள், வேரைக் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும்.

முக்கியமான வேலை இலை பறிப்பது. வியட்நாமில் புத்தாண்டுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, நமக்குப் பொங்கலை ஒட்டிய நாட்களில், எல்லா இலையையும் கையால் பறித்துவிடுவார்கள். மரம் தன் பலத்தை மொட்டுக்கு அனுப்பும். மொட்டு ஏற்கெனவே பருத்திருந்தால் சில நாள் தள்ளிப் பறிப்பார்கள், குளிர் அதிகமென்றால் முன்கூட்டியே. இலைக்காம்பின் கக்கத்தில்தான் மொட்டு உட்கார்ந்திருக்கும். கீழ்நோக்கிக் கிழித்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

இதழ் உதிர்ந்த பிறகு பூவின் புல்லிகள் சிவக்கும், அதன்மேல் பச்சைக் காய்கள் வட்டமாக அமர்ந்து கறுக்கும். மாமி கேட்ட பழம் அதுதான். பறவைகள் கொத்தும் முன் எடுத்து, காயவிடாமல் உடனே விதையுங்கள்.