ஒபிசிட்டி: 'உடற்பருமன்' என்ற சொல் எவ்வளவு தூரம் பொருந்தும்?

ஒபிசிட்டி என்பதைத் தமிழில் உடற்பருமன் என்று எழுதுகிறோம். பாடநூல், செய்தித்தாள், மருத்துவமனைச் சுவரொட்டி எல்லாவற்றிலும் இதுதான் இருக்கிறது. பழகிய சொல், யாருக்கும் புரிகிற சொல். ஆனால் சர்க்கரை நோயைப் பற்றி இந்திய ஆய்வாளர்கள் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டறிந்ததில் முக்கியமான ஒரு பகுதி இந்தச் சொல்லுக்குள் அடங்கவில்லை. பார்வைக்குப் பருமனாக இல்லாத பலருக்கும் உடலுக்குள் அதே கோளாறு இருக்கிறது என்பதே அந்தப் பகுதி. ஊட்டச்சத்திலும் சர்க்கரை நோயிலும் எதை முதலில் ஆராய வேண்டும், எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுப்பது கணக்கெடுப்புகளை வைத்துத்தான். அந்தக் கணக்கில் யார் வருகிறார்கள், யார் விடுபடுகிறார்கள் என்பதை நோயின் வரையறை தீர்மானிக்கிறது. அதனால்தான் இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது தேவை என்று நினைக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'ஒபேசுஸ்' என்ற சொல்லில் 'ஒப்' முன்னொட்டு, 'எடெரெ' என்றால் உண்ணுதல். பழைய இலத்தீனில் இதற்கு 'அரித்துத் தின்னப்பட்டு மெலிந்த' என்ற பொருளும் இருந்திருக்கிறது. பிறகு 'தின்று கொழுத்த' என்ற பொருளே நிலைத்துவிட்டது. பிரெஞ்சு வழியாக 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, அந்தச் சொல்லுக்குள்ளேயே 'நீ தின்றாய்' என்ற குற்றச்சாட்டு உட்கார்ந்திருக்கிறது. அதிகம் சாப்பிடுவது ஒரு காரணம்தான். ஆனால் மரபணு, தூக்கம், மன அழுத்தம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள், தாயின் வயிற்றில் இருந்தபோது கிடைத்த ஊட்டம் என்று வேறு பல காரணங்களும் உண்டு. அவற்றுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

தமிழ்ச் சொல் இந்த வகையில் நேர்மையானது. 'பரு' என்ற அடியிலிருந்து பருத்தல், பருமை, பருமன் எல்லாம் வருகின்றன. ஊக்கமுடைமை அதிகாரத்தில் யானையைச் சொல்ல வரும் வள்ளுவர் 'பரியது' என்கிறார். பெரிய உடம்பு உடையது, அவ்வளவுதான். கயிற்றுக்கும் தூணுக்கும் மரத்துக்கும் பருமன் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் காவியின் (இயற்பியலில் வரும் வெக்டர்) அளவைக்கூடப் 'பருமன்' என்றே எழுதுகிறார்கள். அதாவது பருமன் என்பது அளவைச் சொல்லும் சொல். யாரையும் குற்றம் சாட்டாது. எடை கூடிய ஒருவரை மருத்துவமனையிலும் வீட்டிலும் கேலி செய்யும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அப்படியொரு இடத்தில் இப்படி நடுநிலையான சொல் கிடைத்திருப்பது நல்ல விஷயம்.

நம் மருத்துவ மரபில் வேறு பெயர்களும் இருந்தன. சித்த மருத்துவத்தில் அதிதூலம், ஆயுர்வேதத்தில் ஸ்தௌல்யம். சரக சம்ஹிதை மிகவும் பருத்தவரையும் மிகவும் மெலிந்தவரையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசுகிறது. சித்த மருத்துவம் சொல்லும் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன் ஆகியவற்றுக்கு அடுத்து நான்காவதாகக் கொழுப்பு வருகிறது. உடம்புக்கு வேண்டிய ஒரு பொருளாகவே அதை வைத்திருக்கிறார்கள். பேச்சு வழக்கில்தான் கொழுப்பு இரண்டு பக்கமும் போகிறது. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் சந்தோஷம், பெரியவர் எதிர்த்துப் பேசினால் 'கொழுப்பு எடுத்துப் போச்சு'.

சரி, சொல் நல்ல சொல்தான். சிக்கல் எங்கே வருகிறது? பருமனை எப்படி அளக்கிறோம் என்பதில் வருகிறது.

இன்று எல்லோருக்கும் தெரிந்த அளவு பி.எம்.ஐ. தமிழ்நாட்டில் இதை உடல் நிறைக் குறியீட்டெண் என்கிறோம், இலங்கையில் உடற்திணிவுச் சுட்டி. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அடோல்ப் கெட்டலே 1830-களில் இந்த விகிதத்தைக் கண்டார். அவர் நோயைத் தேடவில்லை, 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1972-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸும் அவருடைய குழுவினரும் ஆண்களின் உடல் அளவுகளை வைத்து இதைச் சோதித்து, பி.எம்.ஐ. என்ற பெயரையும் வைத்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் 25-க்கு மேல் மிகை எடை, 30-க்கு மேல் உடற்பருமன் என்று எல்லை வகுத்தது.

160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி அவர் ஏறக்குறைய 77 கிலோவைத் தொட்டால்தான் உடற்பருமன் உள்ளவர். ஆனால் 60, 65 கிலோவிலேயே சர்க்கரை நோயோடு வருகிறவர்களை நம் ஊர் மருத்துவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எல்லைக்கோடு எங்கோ இருக்கிறது, நோயாளி எங்கோ நிற்கிறார்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து, படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே அளவு: 22.3. உடலில் உள்ள கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே எடைக்கணக்கு, இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு! இருவருடைய பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஒய்-ஒய் முரண்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

யாஜ்னிக் குழு அதோடு நிற்கவில்லை. புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1990-களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை, தசை, வயிற்றுச் சுற்றளவு எல்லாமே இந்தியக் குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் முதுகுத் தோலின் கீழே உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிறக்கும்போதே மெலிந்த, ஆனால் ஒப்பளவில் கொழுப்பு மிகுந்த உடல். ஊட்டம் போதாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரக்கூடும் என்றால், ஊட்டச்சத்துக் குறைபாடும் சர்க்கரை நோயும் தனித்தனித் துறைகளாக இருப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை இந்த இடத்தில்தான் நாட்டின் ஆய்வுத் திட்டம் பழைய பாதையை விட்டுத் திரும்ப வேண்டும்.

பழைய பாதை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தியாவில் ஊட்டச்சத்து ஆய்வு தொடங்கியதே பற்றாக்குறையைத் தேடித்தான். 1918-இல் நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். அதுதான் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. பஞ்சம் பார்த்த நாட்டில் புரதம், வைட்டமின் ஏ, அயோடின், இரும்பு ஆகிய பற்றாக்குறைகளைத் தேடியது முற்றிலும் சரி. அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களும் கண்களும் ஏராளம். 1972-இல் தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு வாரியமும் வந்தது. மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதைச் சில மாநிலங்களில் தொடர்ந்து அளந்துவந்த அந்த அமைப்பு 2015-இல் மூடப்பட்டது. பற்றாக்குறையும் மிகையும் ஒரே வீட்டில் குடியிருக்கத் தொடங்கிய காலத்தில் அதை மூடியது எனக்கு இன்றும் ஏற்கமுடியாத முடிவு.

அப்புறம் சர்க்கரை நோய்ப் பக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய பெரிய ஆய்வு இன்டியாப். மாநிலம் மாநிலமாகப் போய் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து, நாடு முழுவதற்குமான முடிவை 2023-இல் வெளியிட்டது. சர்க்கரை நோய் 11.4 விழுக்காடு, அதாவது 10 கோடிக்கும் சற்று அதிகமானோர். உடற்பருமனை அது இரண்டு விதமாகக் கணக்கிட்டது. பி.எம்.ஐ. 25-ஐ எல்லையாக வைத்துப் பார்த்தபோது 28.6 விழுக்காடு. வயிற்றைச் சுற்றி நாடா பிடித்து அளந்தபோது 39.5 விழுக்காடு. ஆட்கணக்கில் 25.4 கோடி, 35.1 கோடி. எந்த வரையறையைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய பத்துக் கோடிப் பேர் உள்ளே வருகிறார்கள் அல்லது காணாமல் போகிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இடைவெளி இன்னும் கவலை தருவது. 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரில் மிகை எடை உள்ளவர்கள் ஏறக்குறைய 5 விழுக்காடு. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்கள் ஏறக்குறைய 10 விழுக்காடு. எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பினால் இந்தப் பிள்ளைகளில் பலரை நாம் பார்க்கவே மாட்டோம்.

வயிறு ஏன் இவ்வளவு முக்கியம்? தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு ஒரு வகை. குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்னொரு வகை. இரண்டாவது வகையிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலிலும் தசையிலும் இன்சுலின் சொல்வது எடுபடாமல் போகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுகிறது. தசையும் குறைவாக இருந்தால், ரத்தத்தில் உள்ள சர்க்கரையை வாங்கிக்கொள்ள இடமும் குறைவு.

இதற்கு நம்மிடம் அன்றாடச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: தொப்பை, தொந்தி. மொத்த உடம்பையும் சொல்லாமல் கொழுப்பு சேர்ந்த இடத்தைச் சுட்டும் சொற்கள். மருத்துவ எழுத்தில் தொப்பை கொஞ்சம் கேலியாக ஒலிக்கும் என்பதால் 'வயிற்றுப் பருமன்' என்று எழுதலாம், சிலர் எழுதவும் செய்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. உள்ளே சேரும் கொழுப்பை 'உள்ளுறுப்புக் கொழுப்பு' என்றும், தோலின் கீழே உள்ளதைத் 'தோலடிக் கொழுப்பு' என்றும் பிரித்துச் சொன்னால் போதும். மெலிந்த தோற்றத்தோடு உள்ளே கொழுப்பு மிகுந்தவர்களுக்கு ஒற்றைச் சொல் உருவாக்குவதைவிட 'மெலிந்த உடலில் மிகைக்கொழுப்பு' என்று விரித்து எழுதுவதே தெளிவு. இவர்களை உடற்பருமன் உள்ளவர்கள் என்று எழுதினால் அவர்களே நம்பமாட்டார்கள்.

ஒரு சொல்லை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பேன். பல தமிழ்க் குறிப்புகளில் 'இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்' என்று வருகிறது. தமிழில் இடுப்பு என்றால் பேன்ட் நிற்கும் இடம், சேலை செருகும் இடம். தொப்பை உள்ளவருக்கு அது தொப்பைக்குக் கீழே இருக்கும். அங்கே அளந்தால் எண் குறைவாக வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார். மருத்துவர்கள் கேட்பது கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் எடுக்கும் அளவு. அதை 'வயிற்றுச் சுற்றளவு' என்றே எழுத வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எல்லை.

எல்லைகளும் மெல்ல மாறிவருகின்றன. 2009-இல் இந்திய வல்லுநர்கள் கூடி, பி.எம்.ஐ. 23-இலிருந்து மிகை எடை, 25-இலிருந்து உடற்பருமன் என்று வகுத்தார்கள். 2025 ஜனவரியில் வந்த புதிய இந்திய வரையறை இரண்டு நிலைகளாகப் பிரிக்கிறது. பி.எம்.ஐ. 23-க்கு மேல், ஆனால் உறுப்புகளுக்கு இன்னும் பாதிப்பு இல்லை என்றால் முதல் நிலை. வயிற்றுக் கொழுப்பும், அதனால் நோயோ இயக்கச் சிரமமோ சேர்ந்திருந்தால் இரண்டாம் நிலை. அதே மாதம் லான்செட் ஆணையம் உலக அளவில் முன்வைத்த 'கிளினிக்கல் ஒபிசிட்டி', 'ப்ரீகிளினிக்கல் ஒபிசிட்டி' என்ற இரண்டு பெயர்களை 'நோய்நிலைப் பருமன்', 'நோய்முன் பருமன்' என்று தமிழில் சொல்லலாம். இவற்றில் பருமன் என்ற சொல்லை விட்டுவிடத் தேவையில்லை. முன்னால் ஓர் அடை சேர்த்தாலே பொருள் சரியாகிவிடுகிறது.

ஆய்வுக்கு முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், தாயின் ஊட்டமும் குழந்தையின் உடற்கொழுப்பும் முதலில், மலிவாகவும் சரியாகவும் வயிற்றுக் கொழுப்பை அளக்கும் வழி அடுத்தது, நம் தட்டில் நிறைந்திருக்கும் தீட்டிய அரிசிக்கும் மைதாவுக்கும் நடைமுறையில் என்ன மாற்று என்பது அதற்கடுத்தது. இரண்டாவதற்கான அடித்தளம் ஏற்கெனவே ஊர்களில் இருக்கிறது. தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் 30 வயது கடந்தவர்களுக்கு ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் வயிற்றுச் சுற்றளவுக்கு ஒரு வரி உண்டு. ஆணுக்கு 90-க்குள், 91 முதல் 100 வரை, 100-க்கு மேல். பெண்ணுக்கு 80-க்குள், 81 முதல் 90 வரை, 90-க்கு மேல் என்று மதிப்பெண் போடுகிறார்கள். அந்த வரியைத் தமிழில் எழுதும் இடங்களில் 'இடுப்பு' என்று இருந்தால் 'வயிறு' என்று திருத்தி, நாடாவை எங்கே பிடிக்க வேண்டும் என்ற படத்தையும் பக்கத்தில் அச்சிட வேண்டும்.