சக்கரம் சிக்கும் கணம்: சிறிய ரோபோவுக்கு மோட்டார் டிரைவர் தேர்ந்தெடுத்தல்

பொழுதுபோக்காக ரோபோ செய்யத் தொடங்குபவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் டிடி மோட்டாரைத்தான். மஞ்சள் பிளாஸ்டிக் உறைக்குள் 1:48 விகிதப் பற்சக்கரங்களுடன் வரும் அந்தச் சிறிய மோட்டார் 3 முதல் 6 வோல்ட் வரை இயங்கும். சுமை எதுவும் இல்லாமல் 6 வோல்ட்டில் சுற்றும்போதே ஏறக்குறைய 160 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். ரோபோவின் நிரலை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இன் ஒரு பின்னிலிருந்து, அதாவது இணைப்பு முனையிலிருந்து, எடுக்கத்தக்க மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர். 40 மில்லிஆம்பியரைத் தாண்டினால் சில்லு பழுதாகலாம். எனவே அந்தப் பின்னைக் கொண்டு மோட்டாரைச் சுழற்ற முடியாது, சுழலச் சொல்ல மட்டுமே முடியும். சொன்னதைச் செய்து முடிக்கும் மின்சுற்றுக்குத்தான் மோட்டார் டிரைவர் என்று பெயர்.

டிரைவருக்குள் இருப்பது எச்-பிரிட்ஜ் எனப்படும் நான்கு மின்னணுச் சுவிட்சுகளின் அமைப்பு. மோட்டாரின் இரு முனைகளில் ஒவ்வொன்றுக்கும் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் ஒரு சுவிட்சும் எதிர்முனைப் பக்கம் ஒரு சுவிட்சும் உண்டு. மேலே இடப்புறமும் கீழே வலப்புறமும் உள்ளவை மூடினால் மோட்டார் ஒரு திசையில் சுழலும். மற்ற இரண்டு மூடினால் எதிர்த்திசையில் சுழலும். ஒரே பக்கத்தின் மேல், கீழ் சுவிட்சுகள் ஒருசேர மூடிவிட்டால் பேட்டரி நேரடியாகக் குறுக்குச்சுற்றாகிவிடும். தனித்தனி டிரான்சிஸ்டர்களை வைத்து எச்-பிரிட்ஜ் கட்டிப் பார்த்தவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அவற்றை எரித்திருப்பார்கள். ஆயத்தச் சில்லுகளில் ஒரு சுவிட்ச் முழுமையாகத் திறந்த பிறகே மற்றது மூடும்படியான ஏற்பாடு உள்ளேயே இருப்பதால், அந்தக் கவலையைச் சில்லிடமே விட்டுவிடலாம்.

நம் பொறுப்பில் இருப்பது மின்னோட்டக் கணக்கு. இங்கே பலரும் ஓடும் மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நிற்கும் மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்பதை. சுழலும் மோட்டார் ஒரு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. அதன் சுருள் காந்தப்புலத்தில் சுழலும்போது பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னழுத்தம் அதிலேயே தோன்றுகிறது. இந்த எதிர் மின்னியக்கு விசை பேட்டரியின் அழுத்தத்தில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடுவதால், எஞ்சிய சிறு பகுதி மட்டுமே சுருளின் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. அச்சு அசையாமல் நின்றால் எதிர் விசை சுழியாகிவிடும். அப்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது சுருளின் மின்தடை ஒன்றுதான்.

சுருளின் மின்தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 1.5 ஆம்பியர். இதுவே ஸ்டால் மின்னோட்டம். சுமையற்ற ஓட்டத்தில் நாம் கண்ட 160 மில்லிஆம்பியரைவிட ஒன்பது மடங்குக்கும் அதிகம். ரோபோ சுவரில் முட்டி நிற்கும்போதோ, சக்கரத்தில் நூல் சிக்கும்போதோ மட்டும் இது பாய்வதில்லை. ஓய்வில் இருக்கும் மோட்டாருக்கு முழு மின்னழுத்தத்தைக் கொடுத்துக் கிளப்பும் ஒவ்வொரு முறையும், முதல் சில மில்லிவிநாடிகளில் மின்னோட்டம் இந்த அளவை நெருங்கும்.

இதைவிடக் கடுமையான தருணம் ஒன்று உண்டு. அதே மோட்டார் முழு வேகத்தில் சுழலும்போது 0.16 ஆம்பியரை 4 ஓமால் பெருக்கினால் சுருளில் விழும் அழுத்தம் 0.64 வோல்ட், ஆகவே எதிர் விசை சுமார் 5.36 வோல்ட். இந்த நிலையில் நிறுத்தாமல் திடீரெனத் திசையை மாற்றினால் பேட்டரியின் 6 வோல்ட்டும் மோட்டாரின் 5.36 வோல்ட்டும் எதிர்த்து நிற்காமல் ஒன்றுசேர்ந்துவிடும். 11.36 வோல்ட்டை 4 ஓமால் வகுத்தால் 2.84 ஆம்பியர், அதாவது ஸ்டால் மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. முன்னோக்கி ஓடும் ரோபோவைப் பின்னோக்கித் திருப்பும் முன் நிரலில் சிறிது நேரம் நிறுத்திவைப்பதற்கோ, வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கோ காரணம் இதுதான்.

கையில் இருக்கும் மோட்டாரின் ஸ்டால் மின்னோட்டத்தைத் தெரிந்துகொள்ள விற்பவரின் குறிப்பை மட்டும் நம்ப வேண்டியதில்லை. மல்டிமீட்டரின் ஓம் அளவில் மின்தடையைப் பார்க்கலாம். ஆனால் சுழலும் சுருளுக்கு மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ்கள் தொடும் இடத்தைப் பொறுத்து எண் மாறும் என்பதால், அச்சை மெதுவாகத் திருப்பிப் பல நிலைகளில் அளந்து மிகக் குறைந்த மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். 10 ஆம்பியர் அளவில் மீட்டரைத் தொடராக இணைத்து, சக்கரத்தைக் கையால் இறுகப் பிடித்தபடி ஒரு விநாடி மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஒரு விநாடிக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. நிற்கும் மோட்டாரில் செல்லும் ஆற்றல் முழுவதும் சுருளை வெப்பமாக்குகிறது.

இந்த எண் கைக்கு வந்த பிறகே டிரைவரைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. பாடநூல் செய்முறைகளில் அடிக்கடி வரும் எல்293டி சில்லு ஒரு வழிக்கு, அதாவது ஒரு மோட்டாருக்கு, தொடர்ச்சியாக 600 மில்லிஆம்பியரும் கணநேர உச்சமாக 1.2 ஆம்பியரும் தரும். நம் மோட்டாருக்கு அது போதாது. அடுத்ததாக எல்லோர் கையிலும் இருப்பது, கறுப்பு வெப்ப உறிஞ்சியுடன் சிவப்புப் பலகையில் வரும் எல்298என். அது 46 வோல்ட் வரையிலான மின்வழங்கலை ஏற்றுக்கொண்டு வழிக்கு 2 ஆம்பியர் தரும் என்பதால், தாளில் பார்த்தால் தாராளமாகவே தெரிகிறது. ஆனால் அதன் உள்ளே இருப்பவை பழைய இருமுனை டிரான்சிஸ்டர்கள். மின்னோட்டம் மேலும் கீழுமாக இரண்டைக் கடக்க வேண்டும். 1 ஆம்பியர் பாயும்போது இரண்டிலும் சேர்ந்து 1.8 முதல் 3.2 வோல்ட் வரை இழக்கப்படும் என்று தரவுத்தாளே சொல்கிறது. 2 ஆம்பியரில் இந்த இழப்பு 4.9 வோல்ட் வரை போகலாம்.

நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்களின் 4.8 வோல்ட்டில் எல்298என் வழியாக ஓடும் ரோபோவை எண்ணிப் பாருங்கள். டிரைவர் இரண்டு வோல்ட்டை விழுங்கிவிட, மோட்டாருக்குக் கிடைப்பது மூன்று வோல்ட்டுக்கும் குறைவு. ரோபோ தரைவிரிப்பில் நகர மறுக்கும்போது பலர் மோட்டார் பலவீனமானது என்று முடிவு செய்து புதியதை வாங்குகிறார்கள். குறை மோட்டாரில் இல்லை. இழக்கப்படும் இரண்டு வோல்ட் 1 ஆம்பியரில் 2 வாட் வெப்பமாகிறது. அந்தக் கறுப்பு வெப்ப உறிஞ்சி அங்கே இருப்பதற்குக் காரணம் இந்த வெப்பமே.

மூடிய நிலையில் மிகச் சிறிய மின்தடையே கொண்ட மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களைச் சுவிட்சுகளாகக் கொண்ட டிரைவர்களில் இந்தக் கதை மாறிவிடுகிறது. தோஷிபாவின் டிபி6612எஃப்என்ஜி சில்லில் மேல், கீழ் சுவிட்சுகளின் மொத்த மின்தடை சுமார் அரை ஓம். 1 ஆம்பியரில் அரை வோல்ட்தான் இழப்பு, அரை வாட்தான் வெப்பம். வெப்ப உறிஞ்சியே தேவைப்படாமல் கட்டைவிரல் அகலப் பலகையில் அது அடங்கிவிடுகிறது. சராசரியாக 1.2 ஆம்பியரும் மிகக் குறுகிய உச்சமாக 3.2 ஆம்பியரும் அதன் வரம்பு. நம் மோட்டாரின் 1.5 ஆம்பியர் ஸ்டால் அந்தச் சராசரியைத் தாண்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை: கிளம்பும்போதும் திரும்பும்போதும் சில கணங்கள் தாண்டுவதைச் சில்லு பொறுத்துக்கொள்ளும், சுவரில் முட்டியபடி நிமிடக்கணக்கில் நிற்பதைப் பொறுக்காது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஆர்வி8833 இன்னும் குறைந்த மின்தடை கொண்டது, 2.7 வோல்ட்டிலேயே வேலை செய்யத் தொடங்குவதால் குறைந்த மின்னழுத்த ரோபோக்களுக்கு மிகப் பொருத்தமானது. ஆனால் அதன் மேல்வரம்பு 10.8 வோல்ட் என்பதால், மூன்று லித்தியம் செல்களைத் தொடராக இணைத்து முழுமையாக மின்னேற்றியவுடன் வரும் 12.6 வோல்ட்டை அது தாங்காது. மிதிவண்டி அளவுக்குப் பெரிய வண்டியை நகர்த்தும் மோட்டார்களுக்கு பிடிஎஸ்7960 சில்லுகள் கொண்ட பலகைகள் உண்டு. அவற்றின் விளம்பரத்தில் காணப்படும் 43 ஆம்பியர் என்பது சில்லு தன்னைத் தற்காத்துக்கொள்ளும் வரம்பேயன்றி, அந்தச் சிறிய வெப்ப உறிஞ்சியுடன் தொடர்ந்து எடுக்கத்தக்க அளவு அன்று.

இரண்டு சக்கரச் சிறு ரோபோவுக்கு என் தேர்வு டிபி6612 தான். அதற்கு மின்னிழப்பைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வேகத்தைக் குறைக்க நாம் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை. விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை மின்சாரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் வருகிறோம். ஊனோ பலகையில் இந்தத் துடிப்பு வழக்கமாக 490 ஹெர்ட்ஸ், 5, 6 ஆகிய பின்களில் மட்டும் 980 ஹெர்ட்ஸ். நிறுத்தும் இடைவெளியில் மோட்டாருக்கு என்ன நடக்கிறது என்பதில்தான் சில்லுக்குச் சில்லு வேறுபாடு. எல்298என் சில்லின் எனேபிள் பின்னில், அதாவது வெளியீட்டை இயக்கவும் நிறுத்தவும் உள்ள பின்னில், துடிப்பைக் கொடுத்தால், இடைவெளியில் எல்லாச் சுவிட்சுகளும் திறந்துவிடும். சுருளில் பாய்ந்துகொண்டிருந்த மின்னோட்டம் பலகையிலுள்ள எட்டு டையோடுகளில் உரியவற்றின் வழியாகப் பேட்டரிக்கே திரும்பி விரைவில் அற்றுப்போகும். டிபி6612 இடைவெளியில் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடுகிறது. மின்னோட்டம் சுருளுக்குள்ளேயே வட்டமிட்டு மெதுவாகக் குறைகிறது. அதனால் துடிப்பின் அகலத்துக்கும் (ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் கொடுக்கப்படும் நேரத்தின் பங்குக்கும்) வேகத்துக்கும் இடையிலான உறவு ஏறக்குறைய நேர்கோடாக அமைகிறது. கோட்டைப் பின்தொடரும் ரோபோவுக்கு நிரல் எழுதுபவர்களுக்கு இது பெரிய உதவி.

இணைப்புகளில் முதலாவது கிரவுண்ட், அதாவது மின்னழுத்தங்களை அளக்க அடிப்படையாகும் எதிர்முனை இணைப்பு. பேட்டரி, டிரைவர், ஆர்டுயினோ மூன்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட் எதைக் கொண்டு 5 வோல்ட் என்பது டிரைவருக்குத் தெரியாது. நான் கட்டிய முதல் ரோபோ ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆர்டுயினோவை மீளத் தொடங்கச் செய்து, நான்கு அங்குலத்துக்கு ஒருமுறை நின்றது. நிரலில் பிழை தேடி இரண்டு மாலைகள் போயின. இரு மோட்டார்களும் ஒன்றாகக் கிளம்பிய கணத்தில் மூன்று ஆம்பியர் கேட்க, நான் வைத்திருந்த செவ்வக 9 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் சரிந்ததே காரணம். அத்தகைய பேட்டரியின் உள் மின்தடை மிக அதிகம். மோட்டாருக்கு அது எந்த நாளும் ஏற்றதன்று. இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தொடராக வைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். டிடி மோட்டாருக்குத் துடிப்பகலத்தைச் சுமார் 80 சதவீதத்துக்குள், செல்கள் முழு மின்னேற்றத்தில் 8.4 வோல்ட்டில் இருக்கும்போது 70 சதவீதத்துக்குள், நிரலிலேயே கட்டுப்படுத்தினால் போதும். அத்துடன் டிரைவரின் மின்வழங்கல் முனையருகே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும், ஒவ்வொரு மோட்டாரின் முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் பீங்கான் மின்தேக்கி ஒன்றும் சாலிடர் செய்ய வேண்டும். முன்னது திடீர்த் தேவையை ஈடுசெய்யும், பின்னது பிரஷ்களின் தீப்பொறியால் எழும் இரைச்சலை அங்கேயே அடக்கும்.

டிபி6612 பலகையில் விஎம், விசிசி என இரண்டு மின்முனைகள் அடுத்தடுத்து இருக்கும். விஎம் முனைக்கு மோட்டாரின் பேட்டரி. விசிசி முனைக்கு ஊனோவானால் 5 வோல்ட், இஎஸ்பி32 என்னும் மற்றொரு கட்டுப்பாட்டுப் பலகையானால் 3.3 வோல்ட். இவை இடம் மாறிவிட்டால் 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத தருக்கப் பகுதிக்கு 7.4 வோல்ட் போய்ச் சில்லு அந்தக் கணமே இறந்துவிடும். சில்லை ஓய்வுநிலையிலிருந்து எழுப்பும் எஸ்டிபிஒய் முனையை உயர்நிலைக்கு (விசிசியின் அழுத்தத்துக்கு) இணைக்க மறந்தால் எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் அசையாது. அந்த முனையை நேரடியாக விசிசியில் இணைக்காமல் ஆர்டுயினோவின் ஒரு பின்னுக்குக் கொடுத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் மின்தடையம் ஒன்றை இடுவது நல்லது; மின்சாரம் வந்ததும் நிரல் தொடங்கும்வரை பின்கள் நிலையற்று மிதக்கும் இடைவெளியில் ரோபோ மேசையிலிருந்து பாய்ந்துவிடாது.

முதல் சோதனையில் சக்கரங்கள் தரையைத் தொடாதபடி ரோபோவை ஒரு பெட்டியின் மேல் தூக்கி வையுங்கள். பேட்டரியின் நேர்முனைக் கம்பியில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும். இரண்டு நிமிடங்கள் ஓடிய பிறகு ஒரு சக்கரத்தைக் கையால் மெல்லத் தடுத்துப் பிடித்தபடி, மற்றொரு கையின் விரலைச் சில்லின் அருகே கொண்டுபோங்கள். தொட முடியாத சூடு தெரிந்தால் கணக்கை மீண்டும் முதலிலிருந்து, அந்த ஓம் அளவிலிருந்து, தொடங்க வேண்டும்.