ஹோம்ஸ்கூல் பிளானர்: எந்தப் பக்கத்தை பிரிண்ட் போடணும், எதை விட்டுரணும்

வீட்டுல வச்சே பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிற குடும்பங்க நம்ம திருநெல்வேலிப் பக்கமும் இருக்காங்க, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வள்ளியூர், அம்பைன்னு அங்கங்க. நான் பல வருசம் ஸ்கூல்ல டீச்சரா இருந்துட்டு இப்ப இவங்களுக்குப் பாடத்திட்டம் போட்டுக் குடுக்கிற வேலை பாக்கேன். ஏப்ரல், மே ஆச்சுன்னா எல்லாரும் கேக்கது ஒண்ணுதான், "மேடம், எந்த பிளானர் வாங்கட்டும்?" பிளானர்னா பாடத்தத் திட்டம் போட்டு எழுதுற புக்கு, அதுல அட்டை, ஸ்டிக்கர், மாசக் காலண்டர், புக் லிஸ்ட்னு என்னென்னமோ இருக்கும், அதெல்லாம் எப்படி இருந்தாலும் ஒண்ணும் ஆயிரப்போறதில்ல. தினம் நீங்க கை வைக்கப்போறது பாடம் எழுதுற பக்கத்துல மட்டுந்தான், அது சரியில்லன்னா ஜூலைக்குள்ள புக்கு பரண்ல ஏறிரும். அதனால அந்தப் பக்கத்தப் பத்தி மட்டும் எழுதுதேன்.

நெட்டுல ஃப்ரீயா கிடைக்கிறதுல முக்கால்வாசி அமெரிக்காக்காரங்க அவங்க வீட்டுக்குன்னு போட்டது. வருசம் ஆகஸ்ட்ல ஆரம்பிக்கும், நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங் லீவு வரும், கடைசியில 180 கட்டம் போட்டு ஒரு அட்டெண்டன்ஸ் ஷீட் இருக்கும். அந்த 180 சும்மா அலங்காரத்துக்கு இல்ல, அங்க நிறைய மாநிலத்துல ஸ்கூல் வருசம்னா 180 நாள்னு கணக்கு, சில மாநிலத்துல வீட்டுல படிக்க வைக்கிறவங்களும் அத எழுதி வைக்கணும். நமக்கு அப்படி இல்ல. 2010 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறையில இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்துல, ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து அஞ்சு வரைக்கும் 200 வேலை நாள், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் 220 நாள்னு போட்டிருக்கு, ஆனா அது ஸ்கூலுக்குப் போட்ட கணக்கு. வீட்டுல படிக்கிற பிள்ளைக்கு அட்டெண்டன்ஸ் எழுதி வைங்கன்னு அதுல எங்கயும் கிடையாது. அந்த ஷீட்ட மொதல்லயே எடுத்துப் போட்டுருங்க. அடுப்பங்கரையில நின்னுக்கிட்டு "பிரசண்ட்"னு டிக் அடிக்கிறதுல என்ன இருக்கு, பிள்ளை வீட்டுலதான இருக்கு.

சரி, இப்ப விஷயத்துக்கு வாரேன். எந்தப் பக்கத்த எடுத்தாலும் நான் மொதல்ல பாக்கது, இத யார் படிக்கப்போறாங்கன்னுதான். ஸ்கூல் டீச்சருங்க ரெண்டு எழுதுவோம். ஒண்ணு பாடக்குறிப்பு, நோட்ஸ் ஆஃப் லெசன்னு சொல்லுவோம், அதுல கற்றல் விளைவு, துணைக்கருவி, அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல், மதிப்பீடு, வலுவூட்டல், தொடர்பணின்னு தலைப்பு தலைப்பா நிரப்பி எச்எம் டேபிள்ல கொண்டு வச்சு கையெழுத்து வாங்கணும், ஆபீசர் விசிட் வந்தா மொதல்ல கேக்கது அதத்தான். இன்னொண்ணு வேலை முடிச்ச பதிவேடு, வொர்க் டன். இன்னைக்கு எந்தக் கிளாஸ்ல எது நடந்துச்சோ அது ஒரு வரி, அம்புட்டுதான். இதுல பாடக்குறிப்பு இன்னொருத்தர் பாக்கதுக்கு, வொர்க் டன் நமக்கு. கடையில விக்கிற பிளானர்ல எண்ணூறு ஆயிரம்னு குடுத்து வாங்குறதெல்லாம் பெரும்பாலும் அந்த பாடக்குறிப்பு மாதிரிதான் இருக்கு, "இன்றைய நோக்கம்", "தேவையான பொருட்கள்", "மதிப்பீடு"ன்னு கட்டம் கட்டமா. உங்க வீட்டுக்கு எந்த எச்எம்மும் வரப்போறதில்ல, படிக்கப்போறது நீங்க ஒரு ஆளு, அதுவும் அடுத்த நாள் காலையில தோசை ஊத்துற நேரத்துல ஒரு கண்ணால.

மேலப்பாளையத்துல ஒரு அம்மா அவங்க பிளானர என்கிட்ட கொண்டு காட்டுனாங்க. எட்டு வயசுப் பையன். குறுக்க திங்கள்ல இருந்து சனி, நெடுக்க ஏழு பாடம், ஆக ஒரு வாரத்துக்கு 42 கட்டம். ஒவ்வொரு கட்டமும் நம்ம தீப்பெட்டி அட்டை அளவு கூட இருக்காது. மொத வாரம் முத்து முத்தா எழுதியிருக்காங்க. மூணாவது வாரத்துல திங்கக்கிழமை கணக்குல இருந்து ஒரு அம்புக்குறி செவ்வாய்க்குப் போகுது, அங்க இருந்து புதன், அங்க இருந்து வியாழன், இடையில வொயிட்னர் வேற. அந்தப் பக்கத்த அவங்களே மூடி மூடி வைக்காங்க, பாக்கவே வெறுப்பா இருக்குங்காங்க. நான் பாத்தது வேற ஒண்ணு. ஓரத்துல, கட்டத்துக்கு வெளிய, எறும்பு ஊர்ந்த மாதிரி பென்சில்ல "நடுவுல பூஜ்யம் வந்தா கடன் வாங்கத் தெரியல, 403ல 178 போனா 325ங்கான்"னு எழுதியிருந்தாங்க. விடை 225. பையன் பூஜ்யத்த ஒம்பதா மாத்திட்டான், ஆனா அதுக்காக நாலு மூணாகணும்ங்கத விட்டுட்டான். நாலு நாளா அம்புக்குறி நகர்ந்ததுக்குக் காரணம் அந்த ஒரே ஒரு படிதான், அது தெரிஞ்சா அரை மணி நேரத்துல, பத்து ரூவா கட்டும் நூறு ரூவா நோட்டும் வச்சு சரி பண்ணிரலாம், பண்ணுனோம். 42 கட்டத்துலயும் "ப. 34", "ப. 35"ன்னு இருந்ததுல ஒண்ணும் கிடைக்கல, ஓரத்துல இருந்த அந்த ஒத்த வரிதான் வேலைக்கு ஆச்சு, அத எழுத அந்தப் பக்கத்துல இடமே இல்ல.

அதனால நான் சொல்லுதது இதுதான். "என்ன பண்ணப்போறோம்"ங்கற பகுதி குறுகலா இருக்கணும், "என்ன நடந்துச்சு"ங்கற பகுதி அகலமா இருக்கணும். பக்கத்த மூணாப் பிரிச்சா ஒரு பங்கு பிளானுக்குப் போதும், மீதி ரெண்டு பங்கு வெறுமனே விட்டிருக்கணும், அதுக்குள்ள எந்தத் தலைப்பும் போட்டிருக்கக் கூடாது. கடையில நீங்க புரட்டிப் பாக்கும்போது அழகா நிறைஞ்ச மாதிரி இருக்கிற பக்கம் இதுக்கு ஆகாது. காலியா, ஏமாத்திட்டான்னு தோணுற மாதிரி இருக்கிற பக்கத்த எடுங்க.

தேதி அச்சடிச்சது வேண்டாம். இதுல நான் கொஞ்சம் பிடிவாதமாவே இருக்கேன். நம்ம ஊரு வருசம் எப்படிப் போகும்னு நமக்குத் தெரியும், ஆனித் தேரோட்டம் வந்தா டவுன்ல சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க, குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சா ரெண்டு வேன் ஆள் வீட்டுல தங்கும், பாளையங்கோட்டையில தசராவுக்குச் சப்பரம் சுத்துற ராத்திரி பிள்ளைங்க தூங்காது, பிசானம் நெல் அறுப்பு வந்தா வயக்காட்டு வீட்டுல மாசி முழுக்க யாருக்கும் கையில நேரம் இருக்காது. தேதி போட்ட புக்குல அத்தனையும் காலிப் பக்கமா, கடன் பாக்கி மாதிரி நிக்கும். 2023 டிசம்பர் 17, 18ல வெள்ளம் வந்துச்சே, ஆத்தங்கரை ஓரத்துல இருந்த ஒரு குடும்பத்துல அதுக்கப்புறம் ரெண்டு வாரப் பக்கம் வெத்தா கிடந்துச்சுன்னு, ஜனவரி பூரா ஞாயித்துக்கிழமையும் சேத்துப் பாடம் நடத்தி ஈடு கட்டப் பாத்தாங்க, பொங்கலுக்கு முந்தியே அம்மாவுக்கும் பொண்ணுக்கும் பேச்சுவார்த்தை இல்லாம போச்சு. இத்தனைக்கும் அந்தப் பொண்ணு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைன்னு டிவியில சொன்னத கேட்டுட்டு, மழைய எப்படி சென்டிமீட்டர்ல அளப்பாங்கன்னு அப்பாவ நச்சரிச்சு, பிஸ்லேரி பாட்டில வெட்டி ஸ்கேல் ஒட்டி மொட்டமாடியில மழைமானி செஞ்சு வச்சிருக்கு. அது அறிவியல், கணக்கு, புவியியல் மூணும். எங்கயும் எழுதல, ஏன்னா பிளான்ல அது இல்ல. தேதி இல்லாத பக்கமா இருந்து, நடந்தத எழுத இடமும் இருந்திருந்தா அந்த ரெண்டு வாரம் காலியாவே இருந்திருக்காது.

மணி போட்ட பக்கமும் அதே கதைதான். 9.00 - 9.40 தமிழ், 9.40 - 10.20 கணக்கு. ஸ்கூல்ல பீரியட் பெல் அடிக்கிறது ஒரு டீச்சர் அடுத்த கிளாசுக்குப் போகணும்ங்கறதுக்காக. வீட்டுல நீங்க எங்க போகப்போறீங்க.

நேரத்துக்குப் பதிலா நான் நிறைய பேருக்குக் குடுக்கிறது லூப் பக்கம், அதாவது பாடம் வரிசையா சுத்திச் சுத்தி வர்ற பக்கம். தமிழ் வாசிப்பு, கணக்கு, இங்கிலீஷ் வாசிப்பு இந்த மூணும் தினம் உண்டு, அதுக்குப் பக்கத்தோட தலையில ஒரு சின்ன பட்டி. அதுக்குக் கீழ அறிவியல், சமூகம், படம், பாட்டு, கைவேலைன்னு வரிசையா ஒரு லிஸ்ட், கிழமையே போடாம. இன்னைக்கு அறிவியல் முடிஞ்சுதா, டிக். நாளைக்கு ஆஸ்பத்திரி போயாச்சா, பரவால்ல, நாளன்னைக்கு சமூகத்துல இருந்து தொடங்கலாம். கிழமை போட்டீங்கன்னா வெள்ளிக்கிழமைப் பாடம்தான் எப்பவும் அடிபடும், ஏன்னா வெள்ளிக்கிழமை வீட்டுல வேலை கூட, அப்படியே வருசம் பூரா படம் வரையாமலே போயிரும். லூப்ல எதுவும் நிரந்தரமா அடிபடாது.

ரெண்டு மூணு பிள்ளைங்க இருந்தா ஆளுக்கொரு புக்கு வாங்காதீங்க. தமிழ், கணக்கு மட்டும் ஆளுக்கு ஒரு பத்தி, மத்ததெல்லாம் வீட்டுக்கே பொதுவா ஒரு பத்தி. ஜனவரில கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிட்டுப் போறீங்க, ஆறு வயசு வரித்தலை வாத்தப் படம் வரையும், பதினொண்ணு அது இமயமலைக்கு அந்தப்பக்கத்துல இருந்து வருதுன்னு மேப்ல தேடும், பாடம் ஒண்ணுதான. ஆளுக்கொரு புக்குன்னா அதையே நீங்க ராத்திரி உக்காந்து ரெண்டு தடவ எழுதணும், ரெண்டாவது வாரத்துல சலிச்சிரும்.

வருசத் திட்டம்னு தனியா ஒரு பக்கம் வேணும், அது ஒண்ணு போதும். நீங்க நம்ம அரசாங்கப் பாடப்புத்தகம் வச்சுப் படிக்க வைக்கீங்கன்னா ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் மூணு பருவமா புக்கே பிரிஞ்சு கிடக்கு, பிடிஎஃப்பும் ஃப்ரீ. பருவத்துக்கு எத்தன பாடம்னு எண்ணி மூணு பத்தியில எழுதி சுவத்துல ஒட்டிருங்க. அத வாரப் பக்கத்துலயும் எழுதி, மாசப் பக்கத்துலயும் எழுதி, தினப் பக்கத்துலயும் எழுதிக்கிட்டு இருந்தா பாடம் எப்ப நடத்த? பிளானர் விக்கிறவங்க இந்த நாலு அடுக்கையும் ஒரே புக்குல வச்சுத்தான் விலைய ஏத்துதாங்க.

பெரிய பிள்ளைங்க விஷயம் வேற. பரீட்சைன்னு ஒண்ணு வந்துட்டா பக்கத்தோட அமைப்பே மாறணும், அத பல பேர் மாத்தாம அப்படியே இழுக்காங்க. எட்டாவது தனித்தேர்வரா எழுத பன்னிரண்டரை வயசு முடிஞ்சிருக்கணும். என்ஐஓஎஸ், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியா பத்தாவதுன்னா 14 வயசு, அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர்னு வருசத்துக்கு ரெண்டு பரீட்சை. இதுல டிஎம்ஏன்னு ஒரு அசைன்மென்ட் இருக்கு, மார்க்குல 20 சதவீதம் அதுக்குத்தான், அத கடைசித் தேதிக்குள்ள ஏத்தாம விட்டுட்டு அப்புறம் தவிக்கிறவங்கள வருசா வருசம் பாக்கேன். இந்த வயசுக்கு தேதி உள்ள பக்கம் வேணும், பரீட்சை நாள்ல இருந்து பின்னால எண்ணிக்கிட்டு வர்ற மாதிரி, பாடத்துக்கு ஒரு பக்கம், அதோட தலையில டிஎம்ஏ கடைசித் தேதி சிவப்புல. முக்கியமா அத எழுதுற கை பிள்ளையோட கையா இருக்கணும், அம்மா எழுதி அம்மா டிக் அடிக்கிற பிளானர பதினஞ்சு வயசுப் பையன் திரும்பிக்கூட பாக்க மாட்டான்.

"பின்னால ஸ்கூல்ல சேக்கணும்னா இதெல்லாம் கேப்பாங்களா"ன்னு கேக்காங்க. ஆறுல இருந்து பதினாலு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைய வயசுக்குத் தக்க கிளாஸ்ல சேக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. நேர்ல பேசும்போது உங்க பிளானர விட பிள்ளையோட நோட்டு ரெண்டு மூணு, வாசிச்ச புக்கு லிஸ்ட் ஒண்ணு, இது ரெண்டும்தான் பேசும். மார்க் போடுற பக்கம், கிரேடு பக்கம் சின்னப் பிள்ளைங்களுக்கு எடுக்கவே வேண்டாம்.

கடைசியா பிரிண்ட். இது சின்ன விஷயம்னு நினைப்பீங்க, ஆனா பாதி பிளானர் கெட்டுப்போறது ஜெராக்ஸ் கடையிலதான். அமெரிக்க பிடிஎஃப் லெட்டர் சைஸ்ல இருக்கும், அகலம் 216 மில்லிமீட்டர், உயரம் 279. நம்ம ஏ4 210க்கு 297. அப்படியே போட்டா ஓரம் வெட்டுப்படும், கடைக்காரர்ட்ட "ஃபிட் பண்ணிப் போடுங்கண்ணே"ன்னு சொல்லணும், அப்ப கட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அதுவும் இங்கிலீஷ்ல ஹிஸ்டரின்னு எழுதப் போட்ட கட்டம், நீங்க அதுல "சுற்றுச்சூழல் அறிவியல்"னு எழுதிப் பாருங்க, ழ-வோட காலு பக்கத்துக் கட்டத்துல போய் நிக்கும். தமிழ்ல எழுதுறவங்களுக்கு குறைஞ்சது நாலு விரல் அகலம் வேணும், வரிக்கு வரி இடைவெளியும் கூட வேணும், ஏன்னா நமக்கு மேல புள்ளி, சுழி, கீழ உகரம் எல்லாம் இருக்கு. ஸ்பைரல் போட்டா இடது ஓரம் ரெண்டு சென்டிமீட்டர் போயிரும், முன்னும் பின்னும் அடிச்சா பின்பக்கத்துல அந்த ஓரம் வலது பக்கமா மாறணும், இல்லன்னா "நடந்தது" பத்தியில பாதி எழுத்து ஓட்டைக்குள்ள போயிரும். புக்கு பைண்ட் பண்ணுததுக்கு முந்தி ஒரே ஒரு வாரப் பக்கத்த மட்டும் நாலு காப்பி எடுத்து, கிளிப் போட்டு, ஒரு மாசம் எழுதிப் பாருங்க. அதுக்கும் மனசில்லன்னா லாங் சைஸ் ரூல்டு நோட்டு ஒண்ணு வாங்கி, இடது பக்கத்துல இருந்து மூணுல ஒரு பங்கு விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் ஸ்கேல் வச்சு ஒரு கோடு போடுங்க.