பூரணத்தைத் தின்ற ஓசோன்

கண்ணாடிக் குப்பியில் தெளிந்த கரைசல். பார்வைக்குத் தண்ணீர்தான், உண்மையில் பாலிமர் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் கரைந்திருக்கும் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பான். அடியில் காந்தக் கிளறி சுழல்கிறது, மேலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுகிறது. வெகுநேரம் ஒன்றும் நடப்பதில்லை. திடீரென்று ஒரு கட்டத்தில் குப்பிக்குள் மெல்லிய நீலம் படர்கிறது. சாயம் எதுவும் ஊற்றவில்லை. தனித்தனியாகத் திரிந்த சங்கிலிகள் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கிவிட்டன. ஊதுவத்திப் புகை நீலம் காட்டுவதும் இதனால்தான்.

ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பாதி பாலிஸ்டைரீன், அதாவது தெர்மோகோல் சரக்கு. தண்ணீர் என்றாலே அதற்கு ஆகாது. மறுபாதி பாலிஅக்ரிலிக் அமிலம்; குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளின் நெருங்கிய உறவு. வேதிப் பிணைப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் எண்ணெயும் நீரும்போல விலகி ஓடவும் வழியில்லை.

இப்படித் திரள்வதைச் 'சுய ஒருங்கமைவு' என்கிறார்கள். பெயரைக் கேட்டால் சங்கிலிகள் ஒன்றையொன்று தேடிப்போய்க் கூடுவதுபோல் தோன்றும். என்னைக் கேட்டால், பாதிப் புகழ் தண்ணீருக்குச் சேர வேண்டியது. நீர் மூலக்கூறுகள் ஓயாமல் கைமாற்றிக் கைகோத்துக் கொண்டிருப்பவை. எண்ணெய்த்தன்மையுள்ள பரப்பை ஒட்டி நிற்கும்போது அந்தப் பக்கம் கைகொடுக்க ஆளில்லை. திரும்பும் சுதந்திரம் குறைகிறது. நீர் வெறுக்கும் பகுதிகளை ஒரே மூலையில் ஒதுக்கிவிட்டால் பெரும்பாலான நீர் மூலக்கூறுகளுக்கு விடுதலை. அப்படி ஒதுக்கப்பட்டவை நடுவில் உருண்டையாக ஒடுங்க, நீர் விரும்பும் பகுதிகள் வெளியே தாடிபோல் விரிகின்றன. இதுவே மைசெல். சோப்புக் கரைசலில் இத்தகைய திரள்கள் இருப்பதாக 1913-இல் மெக்பெயின் என்ற வேதியியலாளர் சொன்னார்.

சோப்பு மைசெல் நீர்த்துப்போனால் கலைந்துவிடும். பாலிமர் மைசெல் அவ்வளவு சுலபத்தில் கலையாது. நீண்ட சங்கிலியை உள்ளிருந்து உருவுவது கடினம். மருந்துக்கு இது பெரிய வசதி. பாக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து நீரில் கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்துதான் முன்பு ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே ஒவ்வாமையைக் கிளப்பியது. மருந்தைப் பாலிமர் மைசெலுக்குள் வைத்த ஜெனெக்ஸால்-பிஎம் 2007-இல் தென்கொரியாவில் அனுமதி பெற்றது.

உருண்டைதான் வர வேண்டும் என்றில்லை. நீர் விரும்பும் பகுதி பருத்திருந்தால் சங்கிலி கூம்புபோல் ஆகிறது. கூம்புகளை அடுக்கினால் உருண்டை. அந்தப் பகுதியைக் குறைத்துக்கொண்டே போனால் முதலில் கம்பி, பிறகு தகடு. தகட்டின் ஓரங்களில் நீர் வெறுக்கும் பகுதி நீருக்குத் தெரியும். அதை மறைக்கத் தகடு வளைந்து வாய் மூடிக்கொள்கிறது. உள்ளே நீர் நிரம்பிய பை தயார். மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஐசன்பெர்க்கும் ஜாங்கும் அமிலப் பகுதியின் நீளத்தை மட்டும் மாற்றி இந்த வடிவங்களை வரிசையாக எடுத்து, 1995-இல் வெளியிட்டார்கள்.

வெற்றுக்கோளத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கேரன் வூலியின் குழு, மைசெலின் வெளித் தாடியிலுள்ள சங்கிலிகளை ஒன்றோடொன்று வேதிப் பிணைப்பால் தைத்துவிட்டது. உள்ளே மெத்து, வெளியே ஓடு. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'க்னெடெல்', பூரணம் வைத்து மாவால் மூடும் போலந்துப் பண்டம். நம் ஊராக இருந்தால் கொழுக்கட்டை என்றிருப்பார்கள். 1999-இல் அந்தப் பூரணத்தையே வெளியே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பூரணமாகப் பாலிஐசோபிரீனைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; ரப்பர் மரத்துப் பாலில் இருக்கும் அதே சங்கிலி. பழைய சைக்கிள் டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விழுவதற்குக் காற்றிலுள்ள ஓசோன் ஒரு காரணம். ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அது வெட்டுகிறது. டயருக்குக் கேடான வேலை இங்கே உதவியது. ஓசோனைச் செலுத்தியதும் உள்ளிருந்த சங்கிலிகள் துண்டு துண்டாகி, ஓட்டின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறின. ஓட்டுக்கு எதுவும் ஆகவில்லை. இதுவரை நடுவிலிருந்த ரப்பர்தான் அதை இழுத்துப் பிடித்திருந்தது. அந்தப் பிடி போனதும் உள்ளே நீர் புகுந்து, காலியான கோளம் முன்பைவிடப் பெரிதாக ஊதிக்கொண்டது.